காணாமற்போன ஒரு கட்டம்

ஒரு தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்பறைக்கு ஒரு நாள் பாம்பும் ஏணியும் வரைந்த அட்டை ஒன்று வந்து சேர்ந்தது. உடன் ஒரு பகடையும் நான்கு காய்களும் வந்தன. கூட்டல் கற்பிக்க ஆசிரியை உமையாள் அவற்றை வாங்கி வந்திருந்தார்.

கரும்பலகைக்கு அவற்றைக் கண்டதுமே பிடிக்கவில்லை. விளையாட்டுப் பொருளுக்கு இங்கென்ன வேலை என்று அளவுகோலிடம் முணுமுணுத்தது. பக்கத்துக்கு ஒரு பேச்சுப் பேசும் பகடையை எப்படி நம்புவது என்றது அளவுகோல்.

சில நாள்களில் சந்தேகத்துக்குச் சான்றும் கிடைத்தது. ரெஜினா என்னும் சிறுமி நகர்த்தும் சிவப்புக் காய் அழாக்குறையாக முறையிட்டது. பகடை நான்கு காட்டினால் அது மூன்று கட்டமே நகர்கிறதாம். ஐந்து காட்டினால் நான்கே. மற்றக் காய்களுக்கு அப்படி நேர்வதில்லையாம்.

"ஒன்றைத் திருடுகிறாய்," என்றது கரும்பலகை.

"காட்டுவதே என் வேலை. நகர்த்துவது என் வேலை அன்று," என்றது பகடை.

"அப்படியானால் பிழை குழந்தையுடையதா? இந்த வகுப்பு நாள்தோறும் ஒரே குரலில் சரியான விடை சொல்வதை நான் கேட்கிறேன்."

இன்னொரு முறை குறைந்தால், பகடை பீரோவுக்கு அடியில் உருண்டு மறைந்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. பகடை இல்லையேல் ஆட்டமும் இல்லை. எனினும் பகடை ஒப்புக்கொண்டது.

அன்று பிற்பகல் ரெஜினா பகடையை உருட்டினாள். ஒன்று விழுந்தது. அடுத்த கட்டத்தில் ஏணி இருந்தது. அவளோ சிவப்புக் காயை நின்ற கட்டத்திலேயே தட்டி, "ஒண்ணு" என்று சொல்லிவிட்டுப் பகடையை முபாரக்கிடம் நீட்டினாள்.

"டீச்சர், இவ நகராமலே ஆடுறா," என்று முபாரக் சிரித்தான்.

கரும்பலகை பகடையைப் பார்த்தது. பகடை பீரோவைப் பார்த்தது.

உமையாள் ரெஜினாவின் அருகில் வந்து அமர்ந்தார். "இன்னொரு தடவை எண்ணிக் காட்டு, கண்ணு."

ரெஜினாவின் விரல் காய் நின்ற கட்டத்தையே மீண்டும் தொட்டது. "ஒண்ணு."

ஆசிரியை அந்த விரலைப் பிடித்து அடுத்த கட்டத்தில் வைத்தார். "நிக்கிற இடத்தை எண்ணக் கூடாதும்மா. எடுத்து வைக்கிற அடிதான் ஒண்ணு."

சிவப்புக் காய் ஏணியில் ஏறியது. தானும் பூச்சியத்திலிருந்தே தொடங்குவதை அளவுகோல் தாமதமாக நினைத்துக்கொண்டது. பகடையிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மறுநாள் காலை வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கூட்டல் வாய்பாட்டை முழங்கியது. ஒரு பிழையும் இல்லை. கரும்பலகை முதன்முறையாக அந்தக் குரலைச் சந்தேகித்தது.