விலகிப் போகிறவனுக்கு ஐம்பது பொன்

வெகு காலத்துக்கு முன்னால் செம்பாறை நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசு, ஆனால் கோபம் வந்தால் யோசிக்கமாட்டார்.

அந்த நாட்டின் பெரிய ஏரிக்கரைக்கு நாற்பது காவலர்கள். ஒரு மழைக்காலத்தில் கரையில் விழுந்த ஓட்டையை ஒருத்தரும் கவனிக்கவில்லை. கரை உடைந்தது, நூறு வேலி நிலத்து நெல் அழுகியது.

"நாற்பது பேருக்கும் சவுக்கடி!" என்று ராஜா கத்தினார்.

"அடிபட்டவன் முதுகைத்தான் தடவுவான், கரையைப் பார்க்கமாட்டான் மகாராஜா," என்றார் மந்திரி அருளாளர். "வேலையை விட்டுப் போகிறவனுக்கு ஐம்பது பொன் என்று அறிவியுங்கள். மூன்று நாள் யோசிக்கட்டும்."

மந்திரியைக் கண்டாலே ஆகாத தளபதி கண்டராயர் வயிறு குலுங்கச் சிரித்தார். "தூங்கினவனுக்குச் சன்மானமா? நாற்பது பேரும் ஓடிவிடுவான்கள். அப்புறம் மந்திரியார்தான் மண்வெட்டியோடு நிற்கவேண்டும்!"

"நிற்கிறேன்," என்றார் மந்திரி. ராஜாவுக்கு வேடிக்கையாகப் பட்டது, அறிவித்துவிட்டார்.

இருபத்திரண்டு பேர் பொன் வாங்கினார்கள். அவர்களில் ஒச்சன் என்பவன் அழுதேவிட்டான். "அப்பா செத்ததும் இந்த வேலை என் தலையில் விழுந்தது சாமி. எனக்குத் தண்ணீரென்றாலே பயம். எருமை வாங்கிப் பிழைத்துக்கொள்வேன்."

சடையன் என்ற காவலன் வாங்கவில்லை. "பொன் கசக்கிறதா?" என்றார் ராஜா.

"வாங்கத்தான் கிளம்பினேன் மகாராஜா. வழியில் பார்த்தால் கரையில் நண்டு வளை. அடைக்காமல் வர மனசு வரவில்லை."

அடுத்த மழையில் ஏரி விளிம்புவரை நிரம்பியது. பதினெட்டே பேர், இடுப்பளவுத் தண்ணீரில் மண் சுமந்தார்கள். சொன்னபடி மந்திரியும் மண்வெட்டியோடு நின்றார். கரை பிழைத்தது.

ராஜா சபையைக் கூட்டினார். "இப்போது உங்களுக்கு! விலகுகிறவருக்கு ஆயிரம் பொன்."

"கோடி கொடுத்தாலும் தங்கள் காலடியை விடமாட்டேன்!" என்று கண்டராயர் துள்ளி எழுந்தார்.

மந்திரி மெதுவாகச் சொன்னார்: "எனக்கு மூன்று நாள் வேண்டும்."

"பார்த்தீர்களா, ஆசை வந்துவிட்டது!"

"வந்தது உண்மைதான் தளபதியாரே. முப்பது வருஷமாக இங்கே ஏன் இருக்கிறேன் என்று நானே என்னைக் கேட்டதில்லை."

ராஜா சிரிக்கவில்லை. "இருவருமே யோசித்துவிட்டு வாருங்கள்," என்றார்.

நான்காம் நாள் மந்திரி வேலைக்கு வந்தார். கண்டராயர் வரவில்லை, ஆயிரம் பொன்னை வாங்கிப்போக அவருடைய ஆள்தான் வந்தான். ராஜா பொன்னைக் கொடுத்தனுப்பினார். மந்திரிக்குத் தன் கழுத்து முத்துமாலையையே போட்டார். பிறகு தாழ்ந்த குரலில், "இதே கேள்வியை என்னிடம் யாராவது கேட்டால்?" என்றார்.

"மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள் மகாராஜா. சபையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

ராஜா போனார். நான்காம் நாள் திரும்பி வந்தவர், சிம்மாசனத்தில் உட்காருவதற்கு முன்பே கேட்டார்: "கரை எப்படி இருக்கிறது?"