வரிக்கல் வாய் மூடிய நாள்

கல்லுக்கும் வாய் இருந்த காலம் அது. மரம் பேசியது, மாடு பேசியது, கூடவே கல்லும் பேசியது. மற்றவை பேசினால் ஒரு முடிவு உண்டு. கல் பேச ஆரம்பித்தால் லேசில் விடாது. அதற்கு எங்கே போக வேண்டியிருக்கிறது? தான் பிறந்த கதையைத் தொடங்கினால், கேட்கிறவனின் சோறு ஆறி, பசி போய், மறுபடியும் பசி வந்துவிடும்.

அப்போது நெடுங்கரை என்ற ஊரில் கொற்றி என்று ஒருத்தி இருந்தாள். கல் கேட்பது அவள் வேலை. பிறப்பைக் கேட்காமல் எந்தக் கல்லிலும் உளி வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அம்மி கொத்துகிறவர்களும் சுவர் வைக்கிறவர்களும் முதலில் அவளைத்தான் கூட்டிப்போவார்கள். அவள் கல்லின் பக்கத்தில் குந்திக்கொண்டு, "எங்கப்பா பொறந்தே?" என்பாள். கல் சொல்லும். அது சொன்னதுதான் முடிவு. வேறு சோதனை கிடையாது.

கற்களில் இரண்டு கூட்டம் இருந்தன. நெருப்பில் பிறந்தவை ஒரு கூட்டம். பூமியின் வயிற்றுக்குள் குழம்பாக உருகிக் கிடந்து, ஆறி இறுகியவை. பாகை மெதுவாக ஆறவிட்டால் பெரிய கற்கண்டாக விளைகிறதல்லவா, அதுபோல உள்ளேயே பொறுமையாக ஆறிய கருங்கல் மணி மணியாக மின்னும். எரிமலையின் வாய் வழியாக வெளியே வந்து சட்டென்று ஆறியதில் மணியே தெரியாது, கரேலென்று இருக்கும். நீரில் பிறந்தவை இன்னொரு கூட்டம். ஆறு கொண்டுவந்த மணலும் சேறும், கடலில் செத்த சிப்பியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இறுகியவை. மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் இந்தப் பக்கம்.

நெருப்புக் கூட்டத்துக்குத் திமிர் அதிகம். "சேத்துல சேர்ந்ததுங்களுக்கு என்ன பேச்சு?" என்று மற்றதன் முகத்துக்கு நேரே கேட்கும். நீர்க் கூட்டம் பதில் சொல்லாது. ஆனால் உள்ளே புழுங்கும். அந்தப் புழுக்கம்தான் ஊரைக் கெடுத்தது.

நெடுங்கரைக்குச் சோறு போட்டது ஒரு ஏரி. ஏரித் தண்ணீர் வயலுக்கு இறங்குகிற வாய்தான் மதகு. மதகில் நிற்கிற கல்லுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மஞ்சள் பூசி, மாலை போட்டு, பொங்கல் வைப்பார்கள். அந்த இடத்துக்கு நெருப்பில் பிறந்த கல்தான் வேண்டும். போன வருஷம் ஒரு வெளுத்த கல், "நெருப்புலதான் பொறந்தேன்" என்றது. கொற்றி நம்பினாள். உண்மையில் அது சுண்ணாம்புக்கல். மாலையோடு கொஞ்ச நாள் கம்பீரமாகத்தான் நின்றது. தண்ணீர் அதன் காலை அரித்துக்கொண்டே வந்தது. ஐப்பசி மழையில் இரண்டாகப் பிளந்தது. கரை உடைந்து, பால் பிடித்திருந்த நெல்லை முழுக்க வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. வருஷம் முழுவதும் ஊர் கிழங்கு தின்றது.

பிளந்து கிடந்த கல்லிடம் கொற்றி கேட்டாள். "ஏன் பொய் சொன்னே?"

"எனக்கும் ஒரு மாலை விழணும்னு ஆசையா இருந்துச்சு தாயி" என்று அது அழுதது. அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை.

இந்த வருஷம் புரட்டாசி பிறந்ததும் ஊர்த்தலைவர் சாத்தையா அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "இன்னொரு தடவை கரை போச்சுன்னா ஊரைக் காலி பண்ணிட்டு வேற எடம் பாக்கவேண்டியதுதான். உன்னைக் குறை சொல்லல தாயி."

"தெரியும் மாமா" என்றாள் கொற்றி. குறை சொல்லவில்லை என்று ஒருவர் வாசலுக்கே வந்து சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியாதா?

ஊர் பெயர்ந்தால் மற்றவர்கள் சட்டி பானையை எடுத்துக்கொண்டு போய்விடலாம். கொற்றியால் எடுத்துப்போக முடியாத ஒன்று இருந்தது. இரண்டு வயதில் காய்ச்சலில் போன அவள் மகள் பூவை, கரையோரத்து இலுப்பை மரத்தடி மண்ணுக்குள் இருந்தாள். கொற்றி தினமும் அங்கே போய்ச் சருகு பொறுக்கிவிட்டு வருவாள். 

மறுநாளே மலையடிவாரத்துக்குப் போனாள். மதகுக்குக் கல் தேடுகிற சேதி அவளுக்கு முன்னே அங்கே போயிருந்தது. "நெருப்பு தாயி, நெருப்பு!" என்று நாலா பக்கமும் கூச்சல். வயிற்றில் முழுச் சிப்பி ஒன்று துருத்திக்கொண்டு நின்ற கல்கூட, "சுத்தமான நெருப்பு" என்றது. எதை நம்புவது? அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் உட்கார்ந்த கல் மட்டும் சத்தமே போடவில்லை. கறுப்பும் வெளுப்புமாக அதன் உடம்பெல்லாம் வரிகள் நெளிந்து ஓடின.

"நீ எங்கப்பா பொறந்தே?"

"தெரியல" என்றது வரிக்கல்.

அவள் வாழ்நாளில் எந்தக் கல்லும் சொல்லாத பதில் அது. திரும்பி உட்கார்ந்தாள். "தெரியலைன்னா?"

"முதல்ல ஆத்து முகத்துல சேறா படிஞ்சு கிடந்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் மேல மேல பாரம். ஒரு மலையே வந்து உக்காந்துச்சு. அடியில ஒரே சூடு. உருகல. ஆனா உடம்புக்குள்ள எல்லாம் எடம் மாறிப்போச்சு, வரியெல்லாம் வளைஞ்சுபோச்சு. மலை தேஞ்சு நான் வெளிய வந்தப்ப நீர்க் கூட்டத்துக்கிட்ட போனேன். நீ எங்க ஆளு மாதிரி இல்லையேன்னாங்க. நெருப்புக் கூட்டத்துக்கிட்ட போனேன். நீ உருகவே இல்லையேன்னு சிரிச்சாங்க. அதோட பேசறதை விட்டுட்டேன்."

கொற்றி அதன் வரிகளைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு வழக்கத்தை மீறி ஒரு காரியம் செய்தாள். பிறப்புத் தெரியாத கல்லின்மேல் சுத்தியலால் தட்டினாள். கணீரென்று மணிபோல ஒலித்தது. அப்படியே எழுந்துபோய், சிப்பி துருத்திய கல்லையும் ஒரு தட்டுத் தட்டினாள். பொத்தென்றது. வாய் ஆயிரம் சொல்லட்டும், உடம்பு பொய் சொல்லாது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

வரிக்கல்லை மதகில் நிறுத்தினார்கள். இரண்டு தோளுக்கும் தட்டிப் பார்த்தெடுத்த கருங்கற்கள், கரைச்சுவர் நெடுக மணற்கற்கள். ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் உச்சிப்பொழுதில் ஏரி கரையின் கழுத்துக்கு ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்தா சண்டை வரவேண்டும்?

"எந்தக் கூட்டம்னே தெரியாத கல்லு. இதும்மேல நாங்க தோள் சாயறதா?" என்று கருங்கற்கள் ஒரு விரல் அகலம் விலகிக்கொண்டன. அதைப் பார்த்து மணற்கற்களும் முணுமுணுத்து நெளிந்தன. விலகிய இடத்தில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது.

கொற்றி சேற்றில் சறுக்கிக்கொண்டு மதகுக்கு இறங்கினாள். முதுகைக் கொடுத்து இடைவெளியை அடைத்தாள். "மண்ணைச் சுட்டா பானை. பானை உருகலியே! ஆனா அதை யாராவது சேறுன்னு சொல்லுவாங்களா? மாறிப்போச்சு, அவ்வளவுதான்! இதுக்கு என்ன குறைச்சல்?" என்று கத்தினாள். பிறந்த பெருமை பேசுகிறவர்களுக்கு வெள்ளத்திலும் காது கேட்காது. கரைமேல் சாத்தையா, "மேல வந்துரு தாயி!" என்று அலறினார். அவள் கண் இலுப்பை மரத்தின் மேல் இருந்தது. மரத்தடியைத் தண்ணீர் தொட்டுவிட்டது.

அப்போது வரிக்கல் வாயைத் திறந்தது. "என்னைத் தள்ளி வைக்கிறதை அப்புறமா வெச்சுக்கங்க. மலைக்கு அடியில கிடந்தப்ப ஒண்ணு கத்துக்கிட்டேன். பாரம் மேல விழும்போது வாய் திறக்கக் கூடாது. திறந்தா பிளந்துருவோம். வாயை மூடி, பக்கத்துல இருக்கிறதை இறுக்கிப் பிடிச்சுக்கணும்."

"எவ்வளவு நேரம்?" என்றது ஒரு கருங்கல். அதன் குரலில் இப்போது பயம் இருந்தது.

"பாரம் இறங்குற வரைக்கும்."

பிறகு அது கொற்றியிடம் மெதுவாகக் கேட்டது. "நான் யாருன்னு நீயாவது சொல்லேன்."

"நீ மாறின கல்லு. உன்னோடது மூணாவது கூட்டம்."

"ஒத்தை ஆளு ஒரு கூட்டமா?"

"மலைக்கடியில உன்ன மாதிரி இன்னும் எத்தனை கிடக்கோ, யாரு கண்டா?"

வரிக்கல் சிரித்தது. கொற்றியைத் தவிர வேறு யாரும் அது சிரித்துக் கேட்டதில்லை. சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. மூடியதும் அதன் உடம்பு இறுகுவது அவள் முதுகுக்குத் தெரிந்தது. பக்கத்துக் கருங்கல் ஒரு கணம் தயங்கியது. வாயை மூடித் தோளைச் சாய்த்தது. மறுபக்கத்துக் கல் சாய்ந்தது. மணற்கற்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அந்த அமைதி கரை நெடுக ஓடி, மலை ஏறி, அந்தப் பக்கமும் இறங்கியது. தண்ணீர் நின்றது. கரையும் நின்றது. கொற்றி மேலே ஏறினாள்.

மழை விட்டதும் மதகுக்கு ஓடிவந்தாள். "போதும்ப்பா, வாயைத் திற." பதில் இல்லை. கெஞ்சினாள். ஏரியைத் திரும்பிப் பார்த்தாள். நிறைந்த தண்ணீர் முழுவதும் அந்தக் கல்லின் மேல்தான் சாய்ந்திருந்தது. பாரம் எங்கே இறங்கியது? சுத்தியலால் மெல்லத் தட்டினாள். கணீரென்றது. உள்ளேதான் இருக்கிறது. அவள் அதைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அதன் பிறகு அவள் எந்தக் கல்லையும் கேட்கவில்லை, பார்த்தாள். மணி மணியாக மின்னினாலோ, கரேலென்று கெட்டியாக இருந்தாலோ நெருப்பில் பிறந்தது. அடுக்கும் சிப்பியும் இருந்தால் நீரில் பிறந்தது. வரி வளைந்து ஓடினால் மாறியது. சுண்ணாம்புக்கல் மாறினால் சலவைக்கல்லாகும், கருங்கல்லேகூட மாறி வரி ஓடும் என்பதையும் போகப்போகக் கண்டுகொண்டாள். அந்த வருஷம் மதகுக்குப் போட்டது போக மிஞ்சிய பூவில் இன்னொரு மாலை கட்டினாள். பிளந்துபோன சுண்ணாம்புக்கல்லின் ஒரு பாதியைப் பூவையின் தலைமாட்டில், மேடு கட்டி நட்டு, அந்த மாலையை அதற்குப் போட்டாள்.

அந்த ஐப்பசியிலிருந்துதான் கற்கள் வாய் திறப்பதில்லை. கல் வேலை செய்கிறவர்கள் உளி வைக்குமுன் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பதும் அதனால்தான். பாரம் இன்னும் இறங்கவில்லை.