பலாப்பழம் சேர்த்த கடற்படை

பிள்ளைகளே, காடு என்றால் மலையடிவாரத்தில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இந்தக் கதையில் வரும் காடு கடலை ஒட்டி இருந்தது. அலை கொஞ்சம் பெரிதாக அடித்தால் போதும், புன்னைமரங்களின் அடி நனைந்துவிடும். அவ்வளவு பக்கம்.

அந்தக் காட்டுக்கு ஒரு பெரிய தொல்லை. எதிர்த் தீவில் இருந்த கழுதைப்புலிகள் தோணி போட்டுக்கொண்டு வரும். கரையோரத்தில் தனியாக விளையாடும் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். சிங்கராஜா கரையில் நின்று கர்ஜிக்கும். கர்ஜித்தால் தோணி கவிழுமா என்ன?

"நமக்கும் ஒரு கப்பல் வேண்டும்!" என்று ஆணையிட்டது சிங்கராஜா.

யானைகள் தேக்கு இழுத்து வந்தன. மரங்கொத்திகள் துளை போட்டன. பாய்மரமும் துடுப்புகளுமாகக் கப்பல் ஜம்மென்று நின்றது. எல்லாம் சரி, ஓட்ட ஆள் வேண்டுமே!

ஆள் சேர்க்கும் பொறுப்பு மரநாயிடம் வந்தது. 'கடற்படைத் தலைவர்' என்ற பட்டமும் கூடவே வந்தது. மரநாய் எப்படிப்பட்டது தெரியுமா? வாயாலேயே வடை சுடும். பழத்தைக் கண்டால் மட்டும் அந்த வாய் பேச்சை மறந்துவிடும்.

மரநாய் ஆலமரத்தடியில் பறை அடித்தது. "டம் டம்! ராஜாவின் கப்பலுக்கு மாலுமிகள் வேண்டும்! வீரர்களே, வாருங்கள்!"

காடே கூடிவிட்டது. கூட்டத்தில் இருந்து கரடி முன்னால் வந்தது. கேட்க வேண்டியதை முகத்துக்கு நேரே கேட்டுவிடும் கரடி அது. அதனாலேயே எல்லோரும் அதைக் கரடியக்கா, கரடியக்கா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"ஐயா, வேலைக்கு வருகிறோம். எப்போது வீட்டுக்கு விடுவீர்கள்? எனக்கு இரண்டு குட்டிகள். அப்பா இல்லாத பிள்ளைகள். நான் எப்போது திரும்புவேன் என்று அதுகளிடம் சொல்லிவிட்டு வர வேண்டாமா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று சீறியது மரநாய். "ராஜா காரியத்தில் எப்போது, எதற்கு என்றெல்லாம் கேட்கக் கூடாது!"

"அப்படியானால் ஆளை விடுங்கள் சாமி!" என்றது எருமை. அது நிதானமான பிராணி. நிதானமாகவே திரும்பி நடந்தது. அதன் பின்னால் குரங்கு, பன்றி, மான் எல்லாம் கலைந்து போயின. கொஞ்ச நேரத்தில் ஆலமரத்தடியில் மரநாயும் பறையும் மட்டும்தான்.

'ஓகோ, என்னிடமே வாலாட்டுகிறீர்களா?' என்று கறுவியது மரநாய். நேராக அரண்மனைக்குப் போயிற்று.

"மகாராஜா, ஒரு சின்னச் சட்டம் போட வேண்டும். 'ராஜாவின் பலாப்பழத்தைத் தின்றவர் எவராயினும், அவர் ராஜாவின் மாலுமி.' இவ்வளவுதான். சோறு போட்டவருக்கு உழைக்க வேண்டாமா, பிரபு?"

சிங்கராஜா எதையும் பாதிதான் கேட்கும். "நியாயம்தானே, போடு சட்டத்தை" என்றது.

சட்டம் போட்டாயிற்று. ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை மரநாய். அரண்மனைத் தோப்பின் பலாப்பழங்களைப் பிளந்து, காட்டுப் பாதையெல்லாம் வைத்துவிட்டது. பலாப்பழ வாசனை சும்மா இருக்க விடுமா? எருமைக்கு நாக்கில் எச்சில் ஊறியது. குரங்கு ஒரு சுளை, இன்னொரு சுளை என்று முழுப் பழத்தையும் தீர்த்தது.

புதருக்குள் இருந்து சேவகர்கள் குதித்தார்கள். "கையை நீட்டு!" கையில் ஒரு காய்ந்த சருகை வைத்துப் பார்ப்பார்கள். பலாப்பிசின் லேசில் போகுமா? சருகு அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். "பிசின்தான் சாட்சி! நட கப்பலுக்கு!"

கரடியும் மாட்டிக்கொண்டது. அது ஒரு சுளைகூட வாயில் போடவில்லை. குட்டிகளுக்குக் கொண்டு போகலாம் என்று இலையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

"நான் தின்னவே இல்லை ஐயா! குட்டிகளுக்கு எடுத்தேன்!"

"கையில் பிசின் இருக்கிறதா இல்லையா? பிசின்தான் சாட்சி" என்றது மரநாய். "இழுத்துக்கொண்டு போங்கள்!"

கரடி போட்ட கூச்சலில் பறவைகள் எல்லாம் எழும்பிவிட்டன. என்ன பிரயோசனம்? அடுத்த நாள் அது கப்பலில் துடுப்புப் பலகையில் உட்கார்ந்திருந்தது, காலில் கயிறு கட்டி.

அப்படிச் சேர்ந்த கடற்படை எப்படி ஓடும்? நீங்களே சொல்லுங்கள். இந்தப் பக்கம் எருமை வேண்டாவெறுப்பாக ஒரு இழுப்பு இழுக்கும். அந்தப் பக்கம் பன்றி கோபத்தில் ஓங்கி இழுக்கும். மரநாய் சாட்டையைச் சொடுக்கச் சொடுக்க, கப்பல் செக்கு மாடு மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றியது.

கப்பல் சுற்றும்போதெல்லாம் கரையும் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை கரடியின் குகை கண்ணில் படும். குகை வாசலில் இரண்டு குட்டிகளும் கப்பலையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். முயல் கிழங்கு கொண்டுவந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டது. ஆனாலும் அம்மா மாதிரி ஆகுமா? கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தப்பிக்க வழி தேட ஆரம்பித்தது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தது. மாலுமிகளுக்கு வந்த பலாப்பழத்தை எல்லாம் மரநாய் தன் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். வெளியே வரும்போது கையில் பிசின் இருக்காது. கையில் பளபளவென்று எண்ணெய் மட்டும் மின்னும்.

'அப்படியா சங்கதி!' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டது கரடி.

கப்பலைப் பார்வையிட ராஜா வருகிறார் என்று செய்தி வந்தது. மரநாய் அங்கும் இங்கும் பறந்தது. தோரணம் கட்டச் சொன்னது. ராஜாவுக்கென்று ஒரு தேன்பலாவைப் பிளந்து அறையில் வைத்தது.

கரடி பணிவாகக் கூப்பிட்டது. "தலைவரே, துடுப்புகள் எல்லாம் கிறீச் கிறீச் என்று கத்துகின்றன. ராஜா காதில் விழுந்தால் உங்களுக்கல்லவா கெட்ட பெயர்? கொஞ்சம் எண்ணெய் கொடுத்தால் போட்டுவிடுவோம்."

"கெட்டிக்காரி! இப்போதுதான் உனக்கு விசுவாசம் வந்திருக்கிறது" என்று மகிழ்ந்து, எண்ணெய்ச் சாடியையே தூக்கிக் கொடுத்துவிட்டது மரநாய்.

சாடி பலகை பலகையாகக் கைமாறியது. எருமை ஊற்றியது, பன்றி ஊற்றியது. குரங்கு மிச்சம் இருந்ததைத் தன் வாலுக்கும் தடவிக்கொண்டது. ஒரு சொட்டு பாக்கியில்லை.

மரநாய் அறைக்குள் போனது. தேன்பலாவின் வாசனை மூக்கைத் துளைத்தது. 'ஒரே ஒரு சுளை, ராஜாவுக்குத் தெரியவா போகிறது?' ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. அதற்குள் வெளியே கொம்பு ஊதிவிட்டார்கள். ராஜா வந்தாயிற்று!

மரநாய் எண்ணெய்ச் சாடியைத் தேடி ஓடியது. காலிச் சாடி சிரித்தது. பஞ்சை எடுத்துத் துடைத்தது. பஞ்சு மீசையில் ஒட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் அப்படியே வெளியே ஓடி வந்தது.

"வணக்கம் மகாராஜா!" என்று கை கூப்பியது. கூப்பிய கை கூப்பியபடியே நின்றுவிட்டது. இழுத்தது, முறுக்கியது, காலால் மிதித்துப் பார்த்தது. ஊகூம், பிரியவே இல்லை.

"போதும் போதும், கும்பிட்டது போதும். கையை இறக்கு" என்றது சிங்கராஜா.

"பக்தி, மகாராஜா! உங்கள் மேல் உள்ள பக்தி விடமாட்டேன் என்கிறது!" என்று பூசி மெழுகியது மரநாய்.

கரடி எழுந்து நின்றது. "மகாராஜா, அது பக்தியில்லை, பலாப்பிசின்! உங்கள் பழத்தைத் தின்றவர் எவராயினும் மாலுமி என்று சட்டம். பிசின்தான் சாட்சி என்று என்னை இழுத்து வந்ததும் இவர்தான். எனக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயமா?"

சிங்கராஜா மீசைப் பஞ்சைப் பார்த்தது. ஒட்டிய கையைப் பார்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக முழுக் கதையையும் கேட்டது. கேட்கக் கேட்க அதன் முகம் கறுத்தது. "இப்படியா என் பெயரைச் சொல்லி ஆள் பிடித்தாய்? உட்கார் துடுப்பில்!"

மரநாய் திருதிருவென விழித்தபடி, ஓரமாக இருந்த பலகையில் போய் உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்துப் பாய்மர உச்சியில் இருந்த கடற்காகம் அலறியது. "கழுதைப்புலி! கழுதைப்புலித் தோணிகள்! கரடியக்கா, உங்கள் குகைப் பக்கம்தான் போகின்றன!"

கரடிக்கு உயிரே போய்விட்டது. காலைப் பார்த்தது. கயிறு.

"மகாராஜா, எங்களை அவிழ்த்து விடுங்கள்!"

"அவிழ்த்தால் எல்லோரும் கம்பி நீட்டிவிட்டால்?"

"போகிறவர்கள் போகட்டும். இருக்கிறவர்கள் மனதார இருப்போம். கட்டிப்போட்ட கப்பல் எப்படி ஓடும் என்று காடே பார்த்ததே! இந்தச் சண்டை முடிந்ததும் வீட்டுக்கு விடுவேன் என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது போதும்."

சிங்கராஜா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சண்டை முடிந்ததும் வீடு! இது என் வாக்கு!" என்று சொல்லி, தன் நகத்தாலேயே கரடியின் கயிற்றை அறுத்தது. சேவகர்கள் மற்றவர்களின் கயிற்றை அறுத்தார்கள்.

யாராவது ஓடினார்களா? மான் மட்டும் ஒரு தாவு தாவிக் கரைக்குப் போனது. போன வேகத்தில் தன் அண்ணன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது!

"ஏலேலோ!" என்று குரல் கொடுத்தது கரடி.

"ஐலசா!" என்றது கப்பல் முழுவதும். அத்தனை துடுப்பும் ஒன்றாக விழுந்தன, ஒன்றாக எழுந்தன. எண்ணெய் போட்ட துடுப்புகள் வழுக்கிக்கொண்டு ஓடின. குரங்குகள் பாயை விரித்தன. சுற்றிச் சுற்றி வந்த அதே கப்பல் இப்போது நேர்கோடாகப் பாய்ந்தது. மரநாய்? அதன் ஒட்டிய கைகளைப் பிரித்துத் துடுப்பில் வைத்தார்கள். பிசின் விடவில்லை. அன்று துடுப்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தது அதுதான்!

கழுதைப்புலிகள் கப்பலைப் பார்த்துச் சிரித்தன. சுற்றுகிற கப்பல்தானே என்று நினைத்திருக்கும். கப்பல் நெருங்க நெருங்கச் சிரிப்பு சுருங்கியது. கரடி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தது. கப்பல் தோணிகளுக்கும் கரைக்கும் நடுவே புகுந்தது. அது கிளப்பிய அலையில் முதல் தோணி கவிழ்ந்தது. இரண்டாவது அதன் மேல் மோதியது. பிறகென்ன, நனைந்த கழுதைப்புலிகள் தீவைப் பார்த்து நீந்தின பாருங்கள், அப்படி ஒரு நீச்சல்! அதற்கப்புறம் அவை இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கப்பல் கரை தட்டும் முன்பே கரடி தண்ணீரில் குதித்தது. "அம்மா!" என்று இரண்டு குட்டிகளும் ஓடி வந்து அதன் மேல் ஏறிக்கொண்டன. கரடி அழுததா சிரித்ததா, எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

சொன்ன சொல் மாறாமல் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது சிங்கராஜா. பழைய சட்டத்தைக் கிழித்துக் கடலில் போட்டது. கடற்படைத் தலைவர் பட்டத்தைக் கரடிக்குக் கொடுத்தது.

சில நாள் கழித்து ஆலமரத்தடியில் மறுபடியும் பறை கேட்டது. இந்தத் தடவை அடித்தது கரடி. "டம் டம்! காவலுக்கு ஆள் வேண்டும்! மழைக்காலம் தொடங்கியதும் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடலாம்! சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றாக! விருப்பம் இல்லாதவர் வர வேண்டாம்!"

விருப்பம் இல்லாதவர் ஒருவர்கூட இல்லை. வந்த கூட்டத்துக்குக் கப்பலில் இடம் போதவில்லை. ராஜா இன்னொரு கப்பல் கட்டச் சொன்னது. அன்று மாலை பெரிய பெரிய பலாப்பழங்களைப் பிளந்து காடே விருந்து சாப்பிட்டது. முதலில் எல்லோர் கையிலும் எண்ணெய் ஊற்றினார்கள். ஊற்றிக்கொண்டு போனது யார் என்கிறீர்கள்? நம்முடைய மரநாய்தான்!

நீதி: ஏமாற்றிப் பிடித்த ஆள் கப்பலைச் சுற்ற வைப்பான், கேட்டு அழைத்த ஆள் கப்பலைக் கரை சேர்ப்பான்.