மாணிக்கவல்லியின் நான்காவது கீறல்

கொடுவேலி அரசனைக் காத்த யானையின் கதை இது. கடைசியில் ஒரு புதிர் வரும்; நான் அதில் தோற்றுப்போனேன். உங்கள் பாடு எப்படியோ, பார்ப்போம்.

வேட்டையில் அரசன்மேல் பாய்ந்த புலியைத் தன் இடது தோளில் வாங்கிக்கொண்டாள் அந்த யானை, மாணிக்கவல்லி. நான்கு நகக் கீறல்கள். நான்கும் ஒரே நீளம், ஒரே ஆழம்.

மூன்று வைத்தியர்கள் வந்தார்கள். அரண்மனை வைத்தியரின் மூலிகைச் சாறு மஞ்சள், துறைமுகத்து வைத்தியருடையது பச்சை. மலையிலிருந்து வந்த மாதியின் சாறு கறுப்பு. அவள் விரல்கள்கூடக் கறுத்தே இருந்தன.

"யார் மருந்து புண்ணை ஆற்றுகிறதோ, அவர் கேட்டது கிடைக்கும்" என்றான் அரசன். ஆண்கள் இருவருக்கும் பட்டத்தின்மேல் கண். மாதிக்குத் தன் கணவன் வேண்டும். யாரும் நுழையக்கூடாதென்று அரசு அடைத்த காட்டில் வேர் தோண்டினான் என்று அவனைச் சிறையில் போட்டிருந்தார்கள்.

மந்திரி லேசில் எதையும் நம்பாதவர். "ஆளுக்கு ஒரு கீறல். நான்காவதற்கு வெறும் தண்ணீர். தானாக ஆறுவது எது, மருந்தால் ஆறுவது எது என்று தெரிந்துவிடும்" என்றார். அருமையான யோசனை. ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்.

தினமும் மாலையில் சாறு பூசுவார்கள். விடிந்ததும் பாகன் கேளன் புண்களை வெந்நீரால் கழுவுவான். கறுப்புச் சாறு யானைத் தோலில் கண்ணுக்கே தெரியாது. வெளிறிச் சிவந்த தும்பிக்கை நுனியைத் துடைக்கும்போது அவன் முணுமுணுப்பான்: "தெனம் மூக்கைக் கருப்பாக்கிட்டு நிக்கிறியே, கரியைத் தின்னியா தாயி?" அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் நாள் பார்த்தால் நான்கு கீறல்களும் ஒன்றுபோல் மூடியிருந்தன! வெறும் தண்ணீர் ஊற்றிய கீறலும்தான்.

"சாறெல்லாம் வீண். பரிசு யாருக்கும் இல்லை" என்றார் மந்திரி.

மாதி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப எம் புருசன் வரமாட்டானா சாமி?"

மந்திரி சொன்னது சரிதானா? பரிசு யாருக்குச் சேர வேண்டும்?

விடை: பரிசு மாதிக்கே. மந்திரி மறந்தது தும்பிக்கையை. கேளன் முணுமுணுத்தது நினைவுக்கு வர, அரசன் மீண்டும் மூன்று சாறுகளையும் பூசச் சொல்லி, மறைந்து நின்று பார்த்தான். மஞ்சளையும் பச்சையையும் மாணிக்கவல்லி முகர்ந்ததோடு சரி. கறுப்பை மட்டும் நுனியால் தொட்டு எடுத்து, நான்கு தழும்புகளிலும் தடவிக்கொண்டாள். ஆக, வெறும் தண்ணீரில் ஆறிய புண் என்று ஒன்று இருக்கவே இல்லை. "நாம் ஒன்பது நாள் சோதித்தோம். இவள் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்" என்று கைகூப்பினான் அரசன். அன்றே மாதியின் கணவன் வெளியே வந்தான். கால்விலங்கு அறுத்த புண்ணோடு நொண்டி வந்தவனின் கணுக்காலை நோக்கி, கறுப்பு அப்பிய தும்பிக்கை மெல்ல நீண்டது.