ஒரு கட்டில் குறைவாக

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில், எலையாஸ் விட்கோம் என்றொரு மருத்துவர் இருந்தார். பார்வையற்ற பிள்ளைகளுக்காக நெடுங்காலம் ஒரு விடுதி நடத்திவந்தார். பக்கத்து ஊரில் அதைவிடப் பெரிய விடுதி கட்ட அவருடைய சீடர் ஜோசையா பெல் ஏற்பாடு செய்தார். அடிக்கல் நாட்டக் குருவையே அழைத்தார்.

ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிவிட்டார்கள். விட்கோம் சாந்துக் கரண்டியைக் கையில் எடுத்தார். அப்போது நெசவாலையில் வேலை செய்யும் ஹன்னா என்ற பெண், பார்வையில்லாத தன் ஆறு வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“பையனை விட்டுவிட்டுப் போக வந்தேன், ஐயா.”

“இன்னும் கட்டவே இல்லையம்மா” என்றார் பெல்.

விட்கோம் பையனிடம் குனிந்தார். “வீட்டில் நீ என்ன செய்வாய்?”

“கோழிக்குத் தீனி வைப்பேன். தங்கச்சியைத் தூங்க வைப்பேன்.”

“இவனை ஏனம்மா விட்டுவிட்டுப் போகிறாய்?”

“ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்களாம். இப்படிப்பட்டவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது, அங்கே கொண்டுபோ என்கிறார்கள்.”

அவள் பையனின் கையை விடவில்லை.

விட்கோம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பெல்லிடம் திரும்பினார். “வண்டியைக் கொண்டுவரச் சொல்.”

“எல்லோரும் காத்திருக்கிறார்கள், ஐயா.”

“கல் எங்கேயும் ஓடிவிடாது.”

வண்டி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நின்றதும் வாத்தியார் வாசலிலேயே மறித்தார். “பலகையைப் பார்க்க முடியாதவனுக்கு நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?”

“எழுதுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மற்றதை நான் வந்து காட்டித்தருகிறேன்.”

“பிள்ளைகள் கேலி செய்வார்கள்.”

“கொஞ்ச நாள் செய்வார்கள்.”

வாத்தியார் நகரவில்லை. விட்கோம் பையனோடு அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் மேசையில் இடித்தது. எழுந்திருக்கிறவராகத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் வாத்தியார் பாடத்தைத் தொடங்கினார். கணக்கை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

சற்று நேரத்தில் ஒரு கணக்குக்குப் பையன் விடை சொன்னான். தப்பான விடை. மற்றப் பிள்ளைகளைத் திருத்துவது போலவே வாத்தியார் அவனையும் திருத்தினார்.

மாலையில் விட்கோம் திரும்பியபோது கூட்டம் கலைந்திருந்தது. பெல் மட்டும் கல்லருகே நின்றார்.

“நன்கொடை தருவதாகச் சொன்னவர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். பையன் எங்கே?”

“பள்ளிக்கூடம் விட்டது. வீட்டுக்குப் போயிருக்கிறான்.”

பெல் கல்லைத் தொட்டுக் காட்டினார். “அப்படியானால் இந்தக் கட்டிடமே வேண்டாமா?”

“வேண்டும். வீடே இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள்.”

“எத்தனை கட்டில் போடட்டும்?”

“எத்தனை நினைத்திருந்தாய்?”

“இருநூறு.”

“ஒன்றைக் குறைத்துக்கொள். நாளைக்கு நீயும் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வா.”