ஒப்பாரிக்கு ஒரு முகம்

வடபழனியில் பாட்டுக் கம்பெனி நடத்திய கோதண்டராமனுக்கு ஒரே கொள்கைதான். பக்திப் பாட்டோ, குத்துப் பாட்டோ, ஆல்பத்தின் அட்டையில் இடுப்பு தெரிய ஒரு பெண் நிற்க வேண்டும். அட்டை வடிவமைக்கும் ஜெசிந்தா எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடும்.

அந்த முறை வந்தது ஒப்பாரி ஆல்பம். பாடியவள் மகனைப் பறிகொடுத்த இருளாயி.

"அவங்க முகத்தையே போடலாம் சார்" என்றாள் ஜெசிந்தா.

"அந்த மூஞ்சியை யாரும்மா பார்ப்பா? அழணும், ஆனா அழகா அழணும். நெட்டுல ஏதாவது ஒரு பொண்ணு படத்தை எடுத்துப் போடு."

மறுநாள் இருளாயியும் வந்திருக்க, எல்லார் முன்னாலும் ஜெசிந்தா அட்டையை விரித்தாள். சொன்னபடியே ஈரப் புடவையில் ஒரு அழகி அழுதுகொண்டிருந்தாள். அவள் எதிரே, மாலை போட்ட படத்தில் கோதண்டராமன்!

"என்னைக் கேக்காம என் படத்தை எப்படிப் போட்டே?" என்று அலறினார்.

"ஒப்பாரின்னா செத்தவங்க ஒருத்தர் வேணுமே சார். ஏதாவது ஒரு முகம் போதும்னு நினைச்சேன். அந்தப் பொண்ணையும் நாம கேக்கலையே."

கண் மங்கிய இருளாயி அட்டையில் மாலை போட்ட படத்தைத் தடவிப் பார்த்தாள். "பாவம், யாரு பெத்த பிள்ளையோ! பேரு என்னம்மா? பேரைச் சொன்னாத்தானே அழ முடியும்?"

யாராவது தன் பேரைச் சொல்லிவிடுமுன் கோதண்டராமன் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

ஆல்பம் இருளாயியின் முகத்தோடுதான் வெளிவந்தது. அந்த அட்டையை வேறொருவர் செய்தார். ஜெசிந்தாவை அன்று மாலையே அனுப்பிவிட்டிருந்தார்கள்.