பதினான்காம் வினா

மலையடிவாரத்துப் பள்ளியில் ஒரு விதி இருந்தது. அங்கே கற்பிக்க வருபவர் எத்துணை கற்றவராயினும், முதல் ஓராண்டு தலைமையாசிரியையின் மாணாக்கராக இருக்க வேண்டும்.

ஞானசிகாமணி அங்கே வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. நகரத்துப் பள்ளியொன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். தலைமையாசிரியை வடிவாம்பாளுக்கு வயது நாற்பத்தாறு. தம்மைவிடப் பதினைந்து ஆண்டுகள் இளையவரை ஆசிரியராக ஏற்பதில் ஞானசிகாமணிக்கு இரண்டு நாள் கூச்சம் இருந்தது. மூன்றாம் நாள் அது போயிற்று.

ஆறு முதல் எட்டு வரை அங்கே வகுப்புகள். முற்பகலில் பாடம். உணவு மணி அடித்த பின் பட்டறை: தச்சு, மின்கம்பி வேலை, தையல். எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டும் உண்டு.

அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம், ஞானசிகாமணி ஒரு தாளுடன் வடிவாம்பாளிடம் வந்தார்.

“அம்மா, எட்டாம் வகுப்பை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். பதினேழு பேருக்கு நாள் முழுவதும் பாடம். பதினான்கு பேருக்கு நாள் முழுவதும் பட்டறை.”

“எதை வைத்துப் பிரித்தீர்கள்?”

“கணித மதிப்பெண். நாற்பதில் கோடு.”

“கோட்டை ஒட்டி நிற்பது யார்?”

“செவ்வந்தி. முப்பத்தொன்பது. பதினான்காம் வினாவை எழுதாமலே விட்டுவிட்டாள். இணைகரம் ஒன்று செவ்வகம்தான் என்று எப்படி உறுதி செய்வாய் என்பது வினா. மூன்று மதிப்பெண். அந்தப் பாடத்தை நான்கு முறை நடத்தினேன். எழுதியிருந்தால் கோட்டைத் தாண்டியிருப்பாள்.”

வடிவாம்பாள் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“வெள்ளிக்கிழமை அவளுடைய தந்தை வருகிறார், ஐயா. அரவை ஆலையில் மூட்டை ஏற்றுபவர். மூத்த மகள் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள். இளையவளுக்குப் படிப்பு வராது என்று நாம் சொன்னால், அவளையும் அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடுவார். சென்ற மாதமே சொல்லிவிட்டார்.”

“பட்டறை இருக்கிறதே. இங்கேயே தொழில் கற்கலாமே.”

“அதையும் சொன்னேன். ‘வேலைதான் கத்துக்கணும்னா அதுக்கு எதுக்குங்க பள்ளிக்கூடம்? கம்பெனியிலே கத்தும் குடுத்து கூலியும் குடுக்கிறான்’ என்றார்.”

ஞானசிகாமணி தாளை மடித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

“வருந்துகிறேன். ஆனால் பெற்றவரிடம் பொய் சொல்ல என்னால் இயலாது. அவளுக்குப் படிப்பு எட்டவில்லை.”

“பொய் வேண்டாம். வெள்ளிக்கிழமை நீங்களே அவரிடம் பேசுங்கள். அதற்குள் ஒரு வேலை. புதிய அறைக்கு நிலை நிறுத்தியாயிற்று. பலகையும் இணைத்து வைத்திருக்கிறது. கதவை அளந்து அறுத்து மாட்டிவிடுங்கள்.”

“நானா?”

“கதவு ஒரு செவ்வகம், ஐயா. துணைக்குச் செவ்வந்தியை அழைத்துக்கொள்ளுங்கள்.”

மறுநாள் உணவு மணிக்குப் பின் இருவரும் புதிய அறையின் வாசலில் நின்றார்கள். ஞானசிகாமணி நிலையின் அகலத்தை ஒருமுறை அளந்தார். உயரத்தை ஒருமுறை அளந்தார். இரண்டையும் தாளில் குறித்துக்கொண்டார்.

செவ்வந்தி கையில் ஒரு கயிற்றுச் சுருளோடு காத்திருந்தாள்.

“சார், மூலைக்கு மூலை கயிறு பிடிக்கலையா?”

“எதற்கு?”

“பிடிக்கணும் சார்.”

“எதற்கு என்று கேட்டேன்.”

“இன்னாசி சார் எப்பவும் பிடிப்பாரு.”

இன்னாசி தச்சு ஆசிரியர்.

“செவ்வகத்துக்கு இரண்டு அளவு போதும்,” என்றார் ஞானசிகாமணி.

செவ்வந்தி கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பலகையை அவர் கோடு தப்பாமல் அறுத்தார். நான்கு மூலையிலும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். நான்கும் நேராக இருந்தன. இன்னாசி சொல்லியிருந்தபடி, கதவு உராயாமல் இருக்கச் சுற்றிலும் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இடைவெளி விட்டிருந்தார். கீல்களைப் பொருத்தி, இருவருமாகக் கதவைத் தூக்கி மாட்டினார்கள்.

கதவு மூடவில்லை. அதன் மேல் மூலை நிலையின் தலையில் இடித்துக்கொண்டு நின்றது. கீழே, அதே பக்கத்தில், ஒரு பல்லி தாராளமாக நுழையலாம்.

ஞானசிகாமணி கதவைக் கழற்றி, நிலையை மேலும் கீழும் இரு பக்கமும் மறுபடி அளந்தார். அளவில் பிழையில்லை. மறுபடி மாட்டினார். அதே இடத்தில் இடித்தது.

அவ்வழியே வந்த இன்னாசி நின்று பார்த்தார்.

“கதவு சரியாத்தான் இருக்கு சார். அந்த நிலைதான் உங்க புத்தகத்தைப் படிக்கலை.”

சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போய்விட்டார். செவ்வந்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

“சிரித்து முடித்துவிட்டாயா?” என்றார் ஞானசிகாமணி.

“முடிச்சுட்டேன் சார்.”

“அப்படியானால் கயிற்றைப் பிடி.”

அவள் நிலையின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குக் கயிற்றை இழுத்து, எட்டிய இடத்தில் முடிச்சிட்டாள். பிறகு வலது மேல் மூலையில் அதன் நுனியை வைத்து, இடது கீழ் மூலைக்கு இழுத்தாள். முடிச்சு மூலையைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே போய் நின்றது.

“கோணல் சார். நிலை சாஞ்சு நிக்குது.”

ஞானசிகாமணி அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். மேல் அகலமும் கீழ் அகலமும் ஒன்று. இரு பக்க உயரமும் ஒன்று. ஆனாலும் அது செவ்வகம் அன்று. அத்தகைய உருவத்தை அவர் முப்பத்து நான்கு ஆண்டுகளாக வரைந்து காட்டியிருக்கிறார். அதன் உள்ளே ஒருமுறையும் நின்றதில்லை.

“செவ்வந்தி, அரையாண்டுத் தேர்வில் பதினான்காம் வினா நினைவிருக்கிறதா?”

அவள் முகம் சுருங்கியது. “எழுதலை சார்.”

“இணைகரம் ஒன்று செவ்வகம்தான் என்று எப்படி உறுதி செய்வாய்?”

அவள் தரையைப் பார்த்தாள்.

“சரி. இப்போது என்ன செய்தாய்?”

“கயிறு பிடிச்சேன்.”

“பிடித்து?”

“ரெண்டு பக்கமும் கயிறு ஒண்ணா வந்தா மூலை நேரா இருக்கும். வரலைன்னா...” அவள் நிறுத்தினாள். நிலையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். “சார், அதுவா இது?”

“அதுதான்.”

“கேள்வியிலே கயிறுன்னே இல்லையே சார்!”

அவர் மீந்த பலகைத் துண்டை எடுத்து, தச்சுப் பென்சிலால் நிலையை வரைந்தார். குறுக்கே இரண்டு கோடுகள்.

“ஒன்றாக வந்தால் மூலை நேராக இருக்கும் என்கிறாய். ஏன்?”

“இன்னாசி சார்...”

“இன்னாசி சாரை விடு. கீழ்ச்சட்டம் இரண்டு முக்கோணத்துக்கும் பொது. பக்கச்சட்டங்கள் சம அளவு. இப்போது கயிறும் சம அளவு. மூன்று பக்கமும் ஒத்துவிட்டன.”

அவள் பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நெடுநேரம் பார்த்தாள். ஒரு முக்கோணத்தின் மேல் விரலை ஓட்டினாள், பிறகு மற்றொன்றின் மேல்.

“அப்போ கீழ் மூலை ரெண்டும் ஒரே மாதிரி விரிஞ்சிருக்கும். ரெண்டும் சேர்ந்து நேர்கோடு அளவுதானே சார் வரணும்? நூத்தியெண்பதிலே பாதி.” தலையை நிமிர்த்தினாள். “தொண்ணூறு.”

“தொண்ணூறு.”

சுவர் இன்னும் பூசப்படாததால், நிலையைச் சுற்றி வைத்த ஆப்புகள் அப்படியே இருந்தன. செவ்வந்தி ஒன்றைத் தளர்த்திச் சுத்தியலை எடுத்தாள்.

“எவ்வளவு தள்ளுவாய்?” என்றார் ஞானசிகாமணி.

“தட்டித் தட்டிக் கயிறு வச்சுப் பாக்கணும் சார். நாலஞ்சு தரம் ஆகும்.”

“வித்தியாசம் ஒரு விரற்கடை. நீளமானது குறையும்போது குட்டையானது கூடும் அல்லவா?”

அவள் யோசித்தாள். கயிற்றின் முடிச்சிலிருந்து அரை விரற்கடை அளந்து வேறொரு முடிச்சிட்டாள். அதை நீளமான பக்கத்தில் பிடித்தபடி, முடிச்சு மூலைக்கு வரும்வரை நிலையின் தலையைத் தட்டினாள். மறுபக்கம் வைத்துப் பார்த்தபோது, ஒரு நூல் அளவே பிசகியிருந்தது. இன்னொரு தட்டு. கதவை மாட்டினார்கள்.

மூடியது.

வெள்ளிக்கிழமை செவ்வந்தியின் தந்தை மாயழகு புதிய அறைக்கு வந்தார். நரைத்த தலையைக் கண்டு, ஞானசிகாமணிதான் பள்ளியின் தலைவர் என்று கருதி அவரைக் கும்பிட்டார். வடிவாம்பாள் திருத்தவில்லை. செவ்வந்தி தந்தையின் பின்னால் நின்றாள்.

“ஐயா, நான் லோடு விட்டுட்டு வந்திருக்கேன். சுத்தி வளைக்க வேணாம். இவளுக்குப் படிப்பு வருமா, வராதா?”

“கணிதத்தில் முப்பத்தொன்பது வாங்கியிருக்கிறாள்.”

“அப்போ வராதுங்கிறீங்க.”

“செவ்வாய்க்கிழமை கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.”

“இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க.”

ஞானசிகாமணி வடிவாம்பாளைப் பார்த்தார். அவர் உதவிக்கு வரவில்லை.

“அந்தக் கதவைச் சற்று மூடிப் பாருங்கள்,” என்றார் ஞானசிகாமணி.

மாயழகு வியப்போடு எழுந்தார். கதவைத் திறந்தார், மூடினார். தோளால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். “நல்லா உக்காந்திருக்கு. யார் மாட்டினது?”

“உங்கள் மகளும் நானும்.”

“வேலைதானேய்யா இது? இதைத்தானே நானும் சொல்றேன். வேலை பாக்கிறவளை வேலைக்கு அனுப்பிட்டுப் போறேன்.”

“அப்பா,” என்றாள் செவ்வந்தி.

அவள் முன்னால் வந்தாள். இடுப்பிலிருந்து கயிற்றை எடுத்து, “இதைப் பிடிங்க,” என்று தந்தையின் கையில் ஒரு நுனியைக் கொடுத்து மூலையில் வைக்கச் சொன்னாள். ஒரு குறுக்கு, பிறகு மறு குறுக்கு. கயிறு ஒன்றாக வந்தது. கதவின் அடியில் படிந்திருந்த மரத்தூளில் விரலால் இரண்டு முக்கோணம் வரைந்து, ஏன் ஒன்றாக வர வேண்டும் என்று சொன்னாள். ஓரிடத்தில் தடுமாறினாள். ஞானசிகாமணியின் உதடு அசைந்தது, உடனே மூடிக்கொண்டது. அவள் அழித்துவிட்டு முதலிலிருந்து சொன்னாள். தொண்ணூறு வரை வந்தாள்.

மாயழகு கயிற்றின் நுனியை விடாமல் நின்றார்.

“நீ சொன்னதிலே பாதி எனக்கு விளங்கலை தாயி.”

“எனக்கும் போன மாசம் விளங்கலைப்பா. நான் கம்பெனிக்குப் போகலை.”

அவர் மகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஞானசிகாமணியின் பக்கம் திரும்பினார்.

“முழுப்பரீட்சைக்கு எத்தனை மாசங்க?”

“நான்கு.”

“அதுவரைக்கும் இருக்கட்டும். அப்போ திரும்ப வருவேன். அன்னிக்குக் கதவைக் காட்டக் கூடாது. மார்க்கைக் காட்டணும்.”

“காட்டுகிறோம்,” என்றார் ஞானசிகாமணி.

மாயழகு போன பின், வாசலில் வடிவாம்பாளும் ஞானசிகாமணியும் தனித்து நின்றார்கள்.

“அம்மா, நான்கு மாதம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.”

“கேட்டேன்.”

“முற்பகலில் என்னிடம் முக்கோணம் படிக்கிறாள். மணி அடித்ததும் அதை வகுப்பறையில் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்க் கயிறு பிடிக்கிறாள். கோட்டுக்கு மேலே உள்ள பதினேழு பேரிடமும் கேட்டுப் பார்த்தேன். வினாவுக்கு விடை எழுதியவர்களில் ஒருவருக்கும் அதுதான் பட்டறையில் பிடிக்கும் கயிறு என்று தெரியவில்லை. இப்படியே விட்டால் நான்கு மாதம் போதாது. எந்தப் பாடவேளையில் எதைச் சேர்ப்பது?”

“இந்த அறைக்கு இன்னும் நான்கு ஜன்னல் பாக்கி,” என்றார் வடிவாம்பாள். “திங்கட்கிழமை முதல் பாடவேளைக்கு முப்பத்தொரு பேரையும் பட்டறைக்கு அழைத்து வாருங்கள். கரும்பலகையையும் கொண்டு வாருங்கள்.”

“கரும்பலகை சுவரோடு சேர்த்துத் திருகப்பட்டிருக்கிறது, அம்மா.”

“திருப்புளி இன்னாசியிடம் இருக்கிறது, ஐயா.”